கைபேசிக்கு எடை குறைந்த நெட்வொர்க் ஸ்கேனர் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு வைஃபையில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன, அவற்றில் எந்தெந்தப் போர்ட்டுகள் (கருவியின் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்கள்) திறந்து கிடக்கின்றன என்று காட்டும் செயலியை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு பட்டியலை வரவழைத்துவிடுவார்கள். வீட்டு வைஃபையில் பொதுவாக இருக்கும் 254 முகவரிகளுக்கும் பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வந்தவற்றைத் திரையில் போட்டால் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். சிக்கல் இரண்டாம் நாள்தான் தெரியும். பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி பட்டியலில் இருக்காது. நேற்று வந்த கைபேசி இன்று வராது. ஆனால் அதே கைபேசியில் யாரோ வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் எழுதிய முதல் ஸ்கேனரும் இப்படித்தான் பொய் சொன்னது. அதைத் திருத்தித் திருத்திப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு: பதில் வராத முகவரியில் ஆளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பதில் வராமல் போக நாலைந்து காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஸ்கேனரின் உண்மையான வேலை. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் (சிறு தரவுத் துண்டுகள்) குறையும், பேட்டரி மிஞ்சும், செயலியும் தானாக எடை குறையும்.

இந்த வழிகாட்டி ஆண்ட்ராய்டையும் கோட்லின் மொழியையும் வைத்து நடக்கிறது. ரூட் செய்யாத, அதாவது சிறப்பு உரிமைகளைத் திறக்காத, சாதாரணக் கைபேசியில் ஓட வேண்டும் என்பது இலக்கு. ஐஃபோனில் மாறும் இடங்களைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: எல்லையை நிரலிலேயே போடுங்கள்

உங்களுடைய நெட்வொர்க், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்த நெட்வொர்க். இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் ஸ்கேன் செய்யக் கூடாது. இதை உதவிப் பக்கத்தில் ஓர் அறிவுரையாக எழுதிவைத்தால் போதாது. செயலியே மறுக்க வேண்டும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணம், தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று மூன்று முகவரித் தொகுப்புகளை ஒதுக்கியிருக்கிறது: 10-இல் தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. பயனர் தட்டும் முகவரி இவற்றுக்குள் வராவிட்டால் சாக்கெட்டை (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனையை) திறக்காதீர்கள். இந்தச் சோதனைக்குப் பத்து வரி நிரல்கூட ஆகாது. தவறுதலாகப் பொது இணையத்தில் இருக்கும் யாருடைய சர்வரையோ தட்டிவிடும் ஆபத்தை அது அடியோடு நீக்கிவிடுகிறது.

கைபேசி எதைத் தரும், எதைத் தராது

கார்டன் லயன் 1997 செப்டம்பரில் வெளியிட்ட என்மேப், ஸ்கேனர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் கருவி. அதன் புகழ்பெற்ற முறை, சின் பாக்கெட்டை (இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்) மட்டும் அனுப்பி, இணைப்பை முழுதாக முடிக்காமலே போர்ட்டின் நிலையை அறிவது. அதற்கு, பாக்கெட்டை நாமே முழுதாக வடிவமைக்க விடும் ரா சாக்கெட் வேண்டும். ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலிக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே நாம் செய்யக்கூடியது டிசிபி இணைப்பை முறைப்படி கேட்டு, கிடைத்ததும் மூடுவது. இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டு நெட்வொர்க்கின் அளவுக்கு இது தாராளமாகப் போதும்.

அடுத்த கதவு ஏஆர்பி அட்டவணை. எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி (கருவியின் வைஃபை வன்பொருள் அடையாளம்) என்று கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, வைத்திருக்கும் குறிப்பு அது. முன்பெல்லாம் ப்ராக் கோப்பகத்தின் நெட் பிரிவில் அதை ஒரு சாதாரணக் கோப்பாகவே படிக்கலாம். பழைய ஸ்கேனர்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 அந்தப் பிரிவையே செயலிகளுக்கு மூடிவிட்டது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பல மாதிரி நிரல்கள் புதிய கைபேசியில் வெற்றுப் பட்டியலைக் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

மேக் முகவரி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டால் ஒரு லாபமும் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரைக் கண்டுபிடிக்க ஐஇஇஇ என்ற தர நிர்ணய அமைப்பு வெளியிடும் மேக் முன்னொட்டுப் பட்டியலைச் செயலிக்குள் திணிக்க வேண்டாம். அது பல்லாயிரம் வரிகள் கொண்டது. போதாததற்கு, ஐஓஎஸ் 14-உம் ஆண்ட்ராய்டு 10-உம் வந்த பிறகு கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. அந்தப் பட்டியல் கிடைத்தாலும் கைபேசிகள் விஷயத்தில் பயன் இல்லை.

மிச்சம் இருப்பவை நான்கு: டிசிபி இணைப்பு, யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் முறை), மல்ட்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கு அனுப்புவது), ஒரு சிறப்பு வகை ஐசிஎம்பி சாக்கெட் (பிங் பயணிக்கும் நெறிமுறை இது). இந்த நான்கையும் வைத்தே முழு ஸ்கேனரையும் கட்டலாம்.

படி 1: சரியான நெட்வொர்க்கைப் பிடிப்பது

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. வைஃபையில் இணையம் வராத நேரத்தில் ஆண்ட்ராய்டு, மொபைல் டேட்டாவையே முதன்மைப் பாதையாக வைத்துக்கொள்ளும். நீங்கள் 192.168.1.5-க்கு அனுப்பும் பாக்கெட் அப்போது செல்போன் கோபுரத்தை நோக்கிப் போகும். எல்லா முகவரியும் டைம்அவுட் ஆகும், அதாவது காத்திருப்பு நேரம் பதிலின்றி முடியும். நிரலில் எங்கே பிழை என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். விபிஎன் ஓடினாலும் இதே கதைதான்.

ஆகவே கனெக்டிவிட்டி மேனேஜரிடம் வைஃபை வகை நெட்வொர்க்குக்கு ஒரு கால்பேக் (நிலை மாறும்போது ஆண்ட்ராய்டே அழைக்கும் செயற்கூறு) பதிவு செய்யுங்கள். அது தரும் நெட்வொர்க் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திறக்கும் ஒவ்வொரு சாக்கெட்டையும் அதன் பைண்ட் சாக்கெட் வழியாக அந்த வைஃபையோடு கட்டிவிடுங்கள். இணைக்கும் முன்பே கட்ட வேண்டும், பிறகு கட்ட முடியாது.

முகவரியையும் சப்நெட்டையும் (நாம் இருக்கும் முகவரிக் கூட்டத்தையும்) லிங்க் ப்ராப்பர்ட்டீஸிலிருந்து எடுங்கள். பழைய டிஎச்சிபி இன்ஃபோ வழி கைவிடப்பட்டுவிட்டது. வைஃபையின் பெயரைத் திரையில் காட்ட ஆசை வரும். அதற்கு இருப்பிட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஒரு பெயரைக் காட்டுவதற்காகப் பயனரின் இருப்பிடத்தைக் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ரூட்டரின் முகவரியைத் தலைப்பில் போடுங்கள், போதும். அந்த ஆசையை விட்டுவிட்டால் இணைய அனுமதி, நெட்வொர்க் நிலை அறியும் அனுமதி, மல்ட்டிகாஸ்ட் அனுமதி ஆகிய மூன்றோடு செயலி ஓடிவிடும். உள்ளூர் நெட்வொர்க்கைத் தொடுவதற்கே தனி அனுமதி கேட்கும் முறையை ஆண்ட்ராய்டு 16-இல் சோதனையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் அனுமதி கேட்கும் பகுதியைப் பின்னால் மாற்ற வசதியாகத் தனியே பிரித்து எழுதிவையுங்கள்.

படி 2: முகவரிகளை எண்ணுவது

சப்நெட்டின் அளவைச் சொல்வது முன்னொட்டு நீளம். அது 24 என்றால் 254 முகவரிகள். 22 என்றால் 1022. 16 என்றால் 65,534. நேர்க் கணக்குதான், ஆனால் மேல் வரம்பு ஒன்று அவசியம். லினக்ஸ் கெர்னல் தன் அண்டைக் கருவிகளின் அட்டவணையில் இயல்பாக 1024 பதிவுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அதைத் தாண்டித் திணித்தால் கைபேசியின் சொந்த இணைப்பே தடுமாறும். என் வழக்கம் 22-ஓடு நிறுத்துவது. அதைவிடப் பெரிய நெட்வொர்க்காக இருந்தால், கைபேசி இருக்கும் முகவரியைச் சுற்றியுள்ள 254-ஐ மட்டும் பார்த்துவிட்டு, அப்படித்தான் பார்த்தோம் என்று திரையிலும் சொல்லிவிடுங்கள்.

புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் இந்த வழி செல்லாது. ஒரு சாதாரண சப்நெட்டிலேயே 2-இன் அடுக்கு 64 முகவரிகள் இருக்கும்; ஒவ்வொன்றாகத் தட்டவே முடியாது. அங்கே கைகொடுப்பது கீழே வரும் மல்ட்டிகாஸ்ட் தேடல்தான்.

படி 3: யார் இருக்கிறார்கள்?

முதலில் ஐசிஎம்பி. ரா சாக்கெட் இல்லாமல் பிங் அனுப்ப முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2011-இல் வந்த லினக்ஸ் 3.0 முதல், டேட்டாகிராம் வகை ஐசிஎம்பி சாக்கெட் என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு அதை எல்லாச் செயலிகளுக்கும் திறந்தே வைத்திருக்கிறது. ஓஎஸ் வகுப்பின் சாக்கெட் செயற்கூற்றுக்கு ஏஎஃப் ஐநெட், சாக் டிகிராம், ஐபிப்ரோட்டோ ஐசிஎம்பி ஆகிய மூன்றையும் கொடுத்தால் கிடைத்துவிடும். எட்டு பைட் தலைப்பை மட்டும் நீங்கள் தயார் செய்யுங்கள். அடையாள எண்ணையும் செக்சம்மையும் கெர்னலே நிரப்பிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒரே சாக்கெட் எல்லாருக்கும் போதும் என்பது. 254 முகவரிகளுக்கும் அதிலிருந்தே அனுப்பி, எல்லாப் பதில்களையும் அதிலேயே வாங்கலாம். ஒரு பாக்கெட் 28 பைட் என்றால் முழுச் சுற்றுக்கும் 7 கேபி சொச்சம்தான். அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மில்லிவிநாடி இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாமல் கொட்டினால் ஏஆர்பி கேள்விகள் பிராட்காஸ்ட்டாகக் காற்றை நிரப்பும், பாக்கெட்டுகள் தொலையும். இரண்டு சுற்று அனுப்பினாலும் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும்.

பிங் சுற்றில் வராதவர்களே சுவாரசியமானவர்கள். கணினிகளின் ஃபயர்வால் பல நேரம் பிங்கை விழுங்கிவிடும். அவர்களுக்கு டிசிபி இணைப்பு முயலுங்கள். இங்கே நான்கு விதமான முடிவு வரும், நான்கையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

இணைப்பு கிடைத்தால் கருவி இருக்கிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டால், அதாவது எகன்ரெஃப்யூஸ்ட் பிழை வந்தால், போர்ட் மூடியிருக்கிறது. ஆனால் மறுப்புச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறார்! முதல் பதிப்பில் நான் இந்தப் பிழையை மற்றத் தோல்விகளோடு சேர்த்து ஒரே கேட்ச் பகுதிக்குள் விழுங்கவிட்டேன். பட்டியலில் பாதிக் கருவிகள் காணாமல் போனது அதனால்தான். கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து "யாரும் இல்லை" என்று குரல் வந்தால், வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்.

மூன்றாவது முடிவு, ஈஹோஸ்ட் அன்ரீச். ஒரே சப்நெட்டுக்குள் பாக்கெட் அனுப்பும் முன் கெர்னல் ஏஆர்பி மூலம் "இந்த முகவரி யாருடையது" என்று கேட்கும். விநாடிக்கு ஒருமுறை, மூன்று தடவை. யாரும் பதில் சொல்லாவிட்டால் சுமார் 3 விநாடியில் இந்தப் பிழையைத் திருப்பித் தரும். அந்த முகவரியில் ஆள் இல்லை என்பதற்குக் கிடைக்கும் மிக நல்ல சாட்சி இது. நான்காவது, 3 விநாடி தாண்டியும் எந்தப் பிழையும் வராமல் டைம்அவுட் ஆவது. ஏஆர்பிக்குப் பதில் வந்திருக்கிறது, டிசிபிக்கு வரவில்லை. ஃபயர்வாலுக்குப் பின்னால் வாய் திறக்காமல் ஒரு கருவி இருக்கிறது என்று அர்த்தம்.

பாருங்கள், ஏஆர்பி அட்டவணையைப் படிக்கும் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் ஏஆர்பியின் விளைவை டிசிபி பிழையின் வழியாக நாம் இன்னும் உணர முடிகிறது. இதற்காகவே இந்தச் சுற்றுக்கு டைம்அவுட் 4 விநாடி வைக்க வேண்டும். வேகத்துக்காக அரை விநாடி வைத்தால் மூன்றாவது முடிவும் நான்காவதும் கலந்துவிடும்; பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிழையை அடையாளம் காணும்போது செய்தி வாசகத்தைத் தேடிப் பொருத்தாதீர்கள். வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிழை வகையையோ அதற்குள் இருக்கும் எர்ர்நோ எண்ணையோ பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சில அணுகல் புள்ளிகள் (வைஃபை சிக்னலைத் தரும் கருவிகள்) எல்லா முகவரிக்கும் தாங்களே ஏஆர்பி பதில் சொல்லிவிடும். அப்போது காலியான முகவரிகள்கூட "வாய் திறக்காத கருவி" போலத் தெரியும். ஒரு ஸ்கேனில் முக்கால்வாசி முகவரிகள் நான்காவது வகையில் விழுந்தால் அந்த முடிவை நம்பாமல் விட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, விருந்தினர் வைஃபைகளில் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்து வைத்திருப்பார்கள். ரூட்டர் மட்டும் வந்து மற்றவை எல்லாம் மூன்றாவது வகையில் விழுந்தால், "வேறு கருவிகள் இல்லை" என்று எழுதாமல் "இந்த வைஃபையில் கருவிகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம்" என்று எழுதுங்கள்.

படி 4: எத்தனை பேரை ஒரே நேரத்தில் தட்டுவது

ஒவ்வொன்றாகப் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 முகவரி, தலா 3 விநாடி: 12 நிமிடம். 64 முகவரிகளை ஒரே நேரத்தில் தட்டினால் நான்கு சுற்று, ஏறக்குறைய 12 முதல் 16 விநாடி.

எளிய வழி, பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கோட்லின் கோரூட்டீன். ஐஓ டிஸ்பேச்சர் இயல்பாகவே 64 திரெட்டுகள் வரை ஓட்டும். ஒரு செமஃபோர் வைத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் முதல் பதிப்புக்குப் போதும். ஆனால் எடை குறைய வேண்டும் என்றால் என்ஐஓ செலக்டருக்கு மாறுங்கள். பிளாக் ஆகாத சாக்கெட் சேனல்கள் 64-ஐத் திறந்து, ஒரே திரெட்டில் ஒரு செலக்டரிடம் ஒப்படைத்துவிட்டால், எது முடிகிறதோ அதை அது சொல்லும். ஃபினிஷ் கனெக்ட் அழைக்கும் இடத்தில்தான் மேலே சொன்ன பிழைகள் வந்து விழும். 64 திரெட்டுகள் சும்மா காத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒன்று மட்டும் நிற்கும். பழைய கைபேசியில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

எண்ணிக்கையை 64-க்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். மலிவான ரூட்டர்களின் ப்ராசஸருக்கு அதற்கு மேல் மூச்சு முட்டும். ஸ்கேன் வேகமாக முடியும், ஆனால் பக்கத்து அறையில் நடக்கும் வீடியோ அழைப்பு திக்கும். 32-இல் தொடங்கி, இழப்பு இல்லாவிட்டால் 64 வரை ஏற்றுவது என் வழக்கம்.

படி 5: எவ்வளவு நேரம் காத்திருப்பது

உறங்கும் கைபேசிகளை ஸ்கேனர்கள் தவறவிடுவதற்குக் காரணம் வைஃபையின் மின்சேமிப்பு முறை. அணுகல் புள்ளி இயல்பாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பீக்கன் (தன் இருப்பை அறிவிக்கும் சிறு செய்தி) அனுப்புகிறது. உறங்கும் கருவி அந்தப் பீக்கனுக்கு மட்டும் கண் விழித்து, தனக்குப் பாக்கெட் வந்திருக்கிறதா என்று பார்க்கும். சில கருவிகள் மூன்று பீக்கனுக்கு ஒருமுறைதான் விழிக்கும். அப்படியென்றால் உங்கள் பிங் அந்தக் கருவியைச் சேரவே 300 மில்லிவிநாடி ஆகலாம். 200 மில்லிவிநாடி டைம்அவுட் வைத்த ஸ்கேனருக்கு அந்தக் கைபேசி அன்றைக்கு இல்லை.

ஆகவே பிங் சுற்றில் கடைசிப் பாக்கெட் போன பிறகும் ஒரு முழு விநாடி காதைத் திறந்து வைத்திருங்கள். இரண்டாம் சுற்று அனுப்புவதன் பயனும் இங்கேதான்: முதல் பிங் எழுப்பிவிடும், இரண்டாவதுக்குச் சட்டென்று பதில் வரும். ஒரே கருவிக்கு முதல் தடவை 280, அடுத்த தடவை 6 மில்லிவிநாடி என்று வந்தால் அது தூங்கிக்கொண்டிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

போர்ட் ஸ்கேனுக்கு வேறு கணக்கு. கருவி இருப்பது தெரிந்துவிட்டது, பதில் நேரமும் கையில் இருக்கிறது. அளந்த நேரத்தைப் போல நான்கு மடங்கு, குறைந்தது 400 மில்லிவிநாடி. இது போதும்.

படி 6: கேட்டால் தாமாகவே அறிமுகம் செய்துகொள்பவர்கள்

இதுவரை கிடைத்தது வெறும் எண்கள். 192.168.1.23 என்றால் பயனருக்கு என்ன புரியும்? பெயர் வேண்டும். பெயர் கேட்கவும் இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது எம்டிஎன்எஸ், உள்ளூர் நெட்வொர்க்கில் பெயர்களைத் தேடும் நெறிமுறை. 224.0.0.251 என்ற மல்ட்டிகாஸ்ட் முகவரி, போர்ட் 5353. பிரிண்டர்கள், டிவிகள், ஒலிபெருக்கிகள் எல்லாம் இங்கே தம் பெயரையும் சேவையையும் அறிவிக்கும். ஆண்ட்ராய்டில் என்எஸ்டி மேனேஜர் இதற்கென்றே இருக்கிறது. ஐபிபி, கூகுள்காஸ்ட், ஏர்பிளே, எஸ்எஸ்எச், எஸ்எம்பி ஆகிய சேவை வகைகளைத் தேடினால் பெரும்பாலானவை வந்துவிடும். ஒரு பொறி உண்டு: பழைய பதிப்புகளில் ஒரே நேரத்தில் இரண்டு சேவைகளின் முகவரியைக் கேட்டால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்ற பிழை வரும். ஒரு வரிசை வைத்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் அந்த முறைக்குப் பதிலாகத் தகவல் கால்பேக் பதிவு செய்யும் புதிய முறை வந்திருக்கிறது.

நீங்களே எம்டிஎன்எஸ் பாக்கெட் எழுதுவதாக இருந்தால் மல்ட்டிகாஸ்ட் லாக் எடுக்க மறக்காதீர்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க, வைஃபை சிப் மல்ட்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை வாசலிலேயே வடிகட்டிவிடும். அந்த லாக்தான் வடிகட்டியைத் தற்காலிகமாக விலக்கும். தேடல் முடிந்த மறுகணமே லாக்கை விடுவியுங்கள். விட மறந்தால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று பயனர் தேடும்போது உங்கள் செயலியின் பெயர்தான் கண்ணில் படும்.

இரண்டாவது எஸ்எஸ்டிபி, வீட்டுக் கருவிகளைக் கண்டறியும் இன்னொரு நெறிமுறை. 239.255.255.250, போர்ட் 1900. எம்-சர்ச் என்ற சிறு செய்தியை அனுப்பினால் கருவிகள் நேராக உங்கள் போர்ட்டுக்கே பதில் அனுப்பும். இதற்கு லாக் தேவையில்லை. பதிலில் லொகேஷன் என்றொரு இணைப்பு இருக்கும். அதை எடுத்துப் படித்தால் கருவியின் பெயர், தயாரிப்பாளர், மாடல், யுடிஎன் என்ற நிலையான அடையாளம் எல்லாம் எக்ஸ்எம்எல்லில் வரும். மேக் முகவரி இல்லாத உலகில், நேற்றைய டிவிதான் இன்றைய டிவி என்று சொல்ல அந்த யுடிஎன் பெரிய துணை.

ஆனால் அந்த இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கக் கூடாது. பதில் அனுப்பிய முகவரியும் இணைப்பில் உள்ள முகவரியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே திறங்கள். இல்லாவிட்டால் தீய எண்ணத்தோடு அமர்ந்திருக்கும் ஒரு கருவி உங்கள் செயலியை எங்கு வேண்டுமானாலும் ஏவலாம். படிக்கும் அளவுக்கு 64 கேபி என்று வரம்பு போடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் குறியாக்கம் இல்லாத எச்டிடிபி இயல்பாகத் தடுக்கப்படும். இந்தக் கருவிகளோ எச்டிடிபிதான் பேசும். நெட்வொர்க் பாதுகாப்பு அமைப்புக் கோப்பில் அதற்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 7: போர்ட்டுகள்

65,535 போர்ட்டையும் தட்டுவது கைபேசிக்கு ஏற்ற வேலை இல்லை. ஃபயர்வால் உள்ள ஒரே ஒரு கருவிக்கு, 64 பேராக, தலா 400 மில்லிவிநாடி காத்திருந்தால் கிட்டத்தட்ட 7 நிமிடம் ஆகும். இருபது போர்ட் போதும்: 22, 23, 53, 80, 443, 445, 554, 631, 1883, 3389, 5555, 8008, 8080, 9100 போன்றவை. இவற்றில் 23-உம் 5555-உம் திறந்திருந்தால் நிறம் மாற்றிக் காட்டுங்கள். முதலாவது டெல்நெட், கடவுச்சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்பும். இரண்டாவது, கருவியை வெளியிலிருந்து இயக்க விடும் ஆண்ட்ராய்டின் சோதனை வாசலான ஏடிபி. ஏதோ ஒரு டிவி பெட்டியில் சோதனைக்காகத் திறந்து, மூட மறந்துபோனதாக இருக்கும்.

திறந்த போர்ட்டில் என்ன ஓடுகிறது என்று அறிய முதலில் பேசாமல் அரை விநாடி காத்திருங்கள். எஸ்எஸ்எச் போன்றவை இணைந்ததும் தாமே பெயரைச் சொல்லிவிடும். வலைச் சேவைப் போர்ட்டுகளில் மட்டும் ஒரு ஹெட் கோரிக்கை (பக்கத்தின் தலைப்புத் தகவலை மட்டும் கேட்பது) அனுப்பி, சர்வர் தலைப்பைப் படியுங்கள்.

9100-க்கு மட்டும் எதையும் அனுப்பாதீர்கள். அது பிரிண்டரின் நேரடிப் போர்ட். எது வந்தாலும் தாளில் அடித்துவிடும். எல்லாத் திறந்த போர்ட்டுக்கும் ஹெட் கோரிக்கை அனுப்பும் பதிப்பு ஒன்றை நான் ஓட்டியபோது, அறையின் மூலையிலிருந்த பிரிண்டர் விழித்துக்கொண்டு, அந்தக் கோரிக்கையின் இரண்டு வரிகளையும் தாளின் தலையில் அடித்து வெளியே தள்ளியது. மறுபடி மறுபடி சோதித்தபோது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தாள். என்மேப்பும் தன் சேவைக் கண்டறிதலில் இந்தப் போர்ட்டை இயல்பாகவே விட்டுவிடும். உங்கள் நிரலில் "எழுதக் கூடாத போர்ட்டுகள்" என்று ஒரு பட்டியலை வைத்து, அதன் முதல் வரியில் 9100-ஐப் போடுங்கள்.

கடவுச்சொல் முயற்சிகள் இந்தக் கருவியில் வேண்டாம். "திறந்திருக்கிறது" என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

படி 8: எடையைக் குறைப்பது

வெளி லைப்ரரி எதுவும் சேர்க்காமல், சாதாரண வியூக்களோடு, ஆர்8 (தேவையற்ற நிரலை நீக்கும் ஆண்ட்ராய்டு கருவி) சுருக்கத்தை இயக்கினால் செயலியை ஒரு எம்பிக்குக் கீழே நிறுத்தலாம். முடிவுகளைச் சேமிக்க டேட்டாபேஸ் தேவையில்லை; ஒரு ஜேசன் கோப்பு போதும். பின்னணியில் ஓடும் சேவை வைக்காதீர்கள். திரை அணைந்தால் ஸ்கேனும் நிற்கட்டும். பயனர் பார்க்காத பட்டியலுக்காக ரேடியோவை எரிப்பதில் பொருள் இல்லை.

மற்றக் கருவிகளிலிருந்து வரும் எந்தப் பெயரையும் திரையில் போடும் முன் நீளத்தை வெட்டி, கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குங்கள். அந்தப் பெயரை யார் எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஐஃபோனில் என்ன மாறும்

ஐஓஎஸ் 14 முதல் உள்ளூர் நெட்வொர்க்கைத் தொடப் பயனரின் அனுமதி வேண்டும். எதற்காக என்ற விளக்கத்தை இன்ஃபோ கோப்பில் எழுத வேண்டும். பொன்ஜூர் (எம்டிஎன்எஸ் தேடலுக்கு ஆப்பிள் வைத்த பெயர்) மூலம் தேடும் சேவை வகைகளையும் முன்கூட்டியே அதே கோப்பில் அறிவிக்க வேண்டும். நீங்களே மல்ட்டிகாஸ்ட் பாக்கெட் அனுப்புவதென்றால் ஆப்பிளிடம் தனி உரிமை விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஆகவே அங்கே எஸ்எஸ்டிபியைத் தவிர்த்து, பொன்ஜூரோடு தொடங்குவது எளிது.

படி 9: சோதித்துப் பார்ப்பது

எமுலேட்டர், அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி, இதற்கு உதவாது. அது தனக்கென்று ஒரு கற்பனை ரூட்டருக்குப் பின்னால், 10.0.2.15 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். உங்கள் உண்மையான வைஃபை அதன் கண்ணில் படாது. கையில் ஒரு கைபேசியும் மேசையில் ஒரு மடிக்கணினியும் வேண்டும். மடிக்கணினியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, கைபேசியின் முகவரியை வடிகட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மடிக்கணினியில் ஒரு சிறிய வலைச் சேவையை 8080-இல் ஓடவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியிலிருந்து சின் வருவதும், சின்-ஆக் (ஏற்புப் பதில்) போவதும், ஆக் (உறுதி) வருவதும், உடனே இணைப்பு மூடப்படுவதும் நான்கைந்து வரிகளாகத் தெரியும். பிறகு அந்தச் சேவையை நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்கேன். இப்போது சின்னுக்கு மறுமொழியாக ஆர்எஸ்டி (மறுப்பு) போகும்; செயலி "இருக்கிறது, போர்ட் மூடியிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஃபயர்வாலில் கைபேசியின் பாக்கெட்டுகளை எல்லாம் சத்தமில்லாமல் கைவிடும் விதி ஒன்றைப் போடுங்கள். வயர்ஷார்க்கில் ஏஆர்பி கேள்வியும் பதிலும் தெரியும், அதன் பின் பதிலில்லாத சின்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். செயலி "வாய் திறக்காத கருவி" என்று காட்ட வேண்டும். நான்காவதாக மடிக்கணினியை வைஃபையிலிருந்து துண்டியுங்கள். ஏறக்குறைய 3 விநாடியில் "இல்லை" என்று வர வேண்டும். நான்கும் நான்கு விதமாக வராவிட்டால் படி 3-க்குத் திரும்பிப் போய், பிழையைப் பிடிக்கும் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ இரண்டு பிழைகள் ஒரே வலையில் விழுந்திருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்கேன் பாதியில் ஓடும்போது கைபேசியின் வைஃபையை அணையுங்கள். நெட்வொர்க் போய்விட்டது என்ற கால்பேக் வந்ததும் எல்லாச் சாக்கெட்டையும் மூடி, அதுவரை விசாரிக்கப்படாத முகவரிகளை ஐந்தாவது வகையில், "கேட்கவில்லை" என்ற வகையில் வையுங்கள். அவற்றை "இல்லை" என்று குறித்துவிட்டால், அடுத்த ஸ்கேனில் பாதி வீடே புதிதாக வந்து சேர்ந்ததுபோல் செயலி அறிவிக்கும்.